25 ஆண்டு விடுமுறை. ஒரு மாலையில் கையெழுத்து!

புது தில்லி: வணிக வளாகத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ பொழுதுபோக்காக நிரப்பிக் கொடுத்த குலுக்கல் சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகத் தொலைபேசி அழைப்பு வரும். பரிசைப் பெற்றுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு ஓட்டலுக்கு வர வேண்டும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. தலைநகர் தில்லியிலும் அதை ஒட்டிய குருகிராம், நொய்டா நகரங்களிலும் வசிக்கும் நடுத்தர வர்க்கத்தினருக்கு இத்தகைய அழைப்புகள் புதிதல்ல.

போனவர்களுக்குப் பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, இரண்டு மூன்று மணி நேரப் பேச்சு நிச்சயம். மலைவாசத் தலங்களின் வண்ணப் படங்கள், அவ்வப்போது அரங்கில் எழும் கைதட்டல், "இந்த விலை இன்று மட்டும்" என்ற அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு மேஜை மீது ஓர் ஒப்பந்தம் வைக்கப்படும். சில லட்சம் ரூபாய் செலுத்தினால் 10 ஆண்டுகளுக்கோ 25 ஆண்டுகளுக்கோ ஆண்டுதோறும் குறிப்பிட்ட "புள்ளிகள்" கணக்கில் சேரும். அவற்றைக் கொண்டு நிறுவனத்தின் விடுதிகளில் தங்கிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம்.

சேர்வதா, வேண்டாமா? பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு அந்த அரங்கிலேயே, அந்த மாலையிலேயே பதில் சொல்லும்படி வற்புறுத்தப்படுகின்றன. ஆனால், இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால், குறிப்பிட்ட நாள்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமையை வழங்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

வாரத்திலிருந்து புள்ளிக்கு: "டைம்ஷேர்" எனப்படும் காலப்பங்கு விடுதித் திட்டம் 1960-களில் ஐரோப்பாவில் தோன்றியது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் நிறுவனம் புள்ளி முறையின் முன்னோடிகளில் ஒன்று. 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. நிறுவனம், ஒரு விடுதியில் உள்ள உரிமையை வேறு ஊர் விடுதிக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. டிஸ்னி நிறுவனம் 1991-ல் தனது விடுமுறைச் சங்கத்தைப் புள்ளி முறையிலேயே தொடங்கியது.

இந்தியாவில் இத்தொழிலுக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1986-ல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-ல் தொடங்கப்பட்ட மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே வளர்ந்தன. தொடக்கத்தில் இன்ன பருவத்தில், இன்ன அளவுள்ள அறையில், ஆண்டுக்கு ஒரு வாரம் என்று விற்பதே வழக்கமாக இருந்தது. ஒரே வாரத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டாம். இரண்டு நாள், மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற வசதியை முன்வைத்துப் புள்ளி முறை பின்னர் பரவியது.

வசதி உண்மையானதே. ஆனால், வாரம் என்பது மாறாத அளவு, புள்ளி அப்படியல்ல. ஓர் இரவுக்கு எத்தனை புள்ளிகள் என்பதைப் பருவம், அறையின் அளவு, வார இறுதி நாள், ஊர் ஆகியவற்றைப் பொருத்து நிறுவனமே தீர்மானிக்கிறது. அந்த அட்டவணையை மாற்றும் அதிகாரத்தையும் பல ஒப்பந்தங்கள் நிறுவனத்துக்கே வழங்குகின்றன. நாணயத்தை அச்சிடுபவரும், அந்த நாணயத்துக்குப் பொருளின் விலையை நிர்ணயிப்பவரும் ஒருவரே என்றால், இன்று ஏழு இரவுகளுக்குப் போதுமான புள்ளிகள் பத்து ஆண்டுகள் கழித்து ஐந்து இரவுகளுக்குத்தான் போதும் என்ற நிலை வரலாம். எனவே, வாங்குவோர் முதலில் தேட வேண்டியது விடுதிகளின் படங்களை அல்ல. புள்ளி அட்டவணையை மாற்ற நிறுவனத்துக்கு வரம்பு ஏதும் உண்டா என்பதைச் சொல்லும் ஷரத்தைத்தான்.

ஓர் இரவின் விலை என்ன? ஒரு கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்க்கலாம். வரி உள்பட உறுப்பினர் கட்டணம் ரூ. 4 லட்சம், காலம் 25 ஆண்டுகள், கிடைக்கும் புள்ளிகள் ஆண்டுக்கு ஏழு இரவுகளுக்குப் போதுமானவை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ரூ. 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

"4 லட்சத்தை 25 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 16 ஆயிரம்தானே" என்பது விற்பனையாளர்களின் வாதம். அந்தப் பணத்துக்கு வட்டி உண்டு என்பதை இவ்வாதம் மறைத்துவிடுகிறது. அதே ரூ. 4 லட்சத்தை 7 சதவீத வட்டி கிடைக்கும் இடத்தில் போட்டு, 25 ஆண்டுகளில் அசலும் வட்டியும் தீரும்படி எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் ரூ. 34,300 கிடைக்கும். உண்மையான ஆண்டுச் செலவு அதுதான். அதோடு பராமரிப்புக் கட்டணம் ரூ. 20 ஆயிரம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 3,600. ஆக மொத்தம் ரூ. 57,900. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ ரூ. 8,270. உணவும் பயணமும் இதில் சேரவில்லை.

இது ஒவ்வோர் ஆண்டும் ஏழு இரவுகளையும் பயன்படுத்துவோருக்கான கணக்கு. மகனின் பொதுத் தேர்வு, மகளின் திருமணம், பெற்றோரின் உடல்நலம், பணியிட மாற்றம் எனப் பாதிப் புள்ளிகள் பயன்படாமல் காலாவதியானால் ஓர் இரவின் விலை ரூ. 16,500-ஐத் தாண்டிவிடும். போகாத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும்.

அந்தக் கட்டணம் நிலையானதும் அல்ல. ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால்கூட 12 ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும். ஓட்டல் வாடகையும் உயரத்தான் செய்யும் என்பது உண்மையே. ஆனால், ஓட்டல் வாடகை உயர்ந்தால் அந்த ஆண்டு போகாமல் இருக்கலாம். மலிவான ஊரைத் தேடலாம். உறுப்பினருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தவணை முறையில் சேர்ந்தால் வட்டிச் சுமை தனி.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ. 7,500 வரை வாடகை உள்ள ஓட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உறுப்பினர் கட்டணத்துக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் 18 சதவீதம். மேலே கண்ட விலையை, தாங்கள் போக விரும்பும் ஊரில், போக விரும்பும் மாதத்தில் ஒரு நல்ல ஓட்டல் அறை என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு ஒப்பிடுவதே சரியான அளவுகோல்.

யாருக்குப் பயன்? இத்திட்டங்கள் அனைத்தும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த விடுதிகள் இருக்கின்றன; மனநிறைவோடு ஆண்டுதோறும் போய்வரும் குடும்பங்களும் இருக்கின்றன. பல மாதங்களுக்கு முன்பே பயணத்தைத் திட்டமிடக் கூடியவர்கள், கூட்டமில்லாத பருவத்தில் போக முடிந்தவர்கள், சமையலறையுடன் கூடிய பெரிய அறை தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தலாம்.

சிரமம் பள்ளி விடுமுறையை நம்பியிருப்போருக்குத்தான். வட மாநிலப் பள்ளிகளுக்கு மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை விடுமுறை. அந்த ஆறு வாரங்களில் முசௌரி, நைனிதால், சிம்லா, மணாலி என எல்லோரும் ஒரே திசையில் புறப்படுகிறார்கள். அறைகளின் எண்ணிக்கை மாறாது. உறுப்பினர் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் கூடுகிறது. "இடம் இருந்தால் வழங்கப்படும்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கேட்ட தேதியில் அறை கிடைக்காததை மட்டும் வைத்து நிறுவனத்தைக் குறைகூறுவது கடினமாகிவிடும்.

வயதும் முக்கியம். ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணத்தை எடுத்து 60 வயதில் 25 ஆண்டுத் திட்டத்தில் சேருபவர், 85 வயது வரை பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்கிறார். இடையில் விலக நினைத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், வாரிசுக்கு மாற்ற என்ன கட்டணம் என்பவை கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தெரிய வேண்டியவை. "உங்கள் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் இருக்கிறது, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று பிறகு வரும் அழைப்புகள் இரண்டாவது வலை.

முதலீடு என்றால் எச்சரிக்கை: தங்கும் உரிமை என்பது சொத்தும் அல்ல, முதலீடும் அல்ல. "தங்காவிட்டால் லாபத்தோடு பணம் திரும்ப வரும்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் விஷயமே வேறு. அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகிவிடுகிறது. அதற்குப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான "செபி"யின் பதிவு தேவை.

இதில் நாடு கொடுத்த விலை பெரிது. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம், ஓட்டல் அறைகளில் தங்கும் இரவுகளை விற்பதாகக் கூறி 51 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ரூ. 7,035 கோடி திரட்டியது. அது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி, 2014-லும் 2016-லும் செபி அதற்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தது. கொல்கத்தாவின் ரோஸ் வேலி குழுமமும் "விடுமுறை உறுப்பினர்" திட்டத்தின் பெயரில் மாதத் தவணைகளை வசூலித்தது. 2013-ல் செபி தலையிட்டது. இரண்டு நிறுவனங்களிலும் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் விடுமுறையை அல்ல, வட்டியையே எதிர்பார்த்தவர்கள்.

சட்டத்தில் உள்ள இடைவெளி: லாப வாக்குறுதி இல்லாத, நேர்மையான டைம்ஷேர் திட்டம் செபியின் வரம்புக்குள் வருவதில்லை. வீடோ மனையோ விற்கப்படாததால், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் பொதுவாக இங்கு உதவாது. எஞ்சியிருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டுமே.

2019 ஜூலை 30-ல் மக்களவையிலும், ஆகஸ்ட் 6-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் பழைய 1986-ம் ஆண்டுச் சட்டத்தைவிட வலுவானது. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற கருத்தை முதன்முறையாக இது சேர்த்தது. தகுந்த காரணமின்றி ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாக முடித்துக்கொள்ளும் உரிமை, நுகர்வோர் மீது சுமத்தப்படும் அளவுக்கு மீறிய அபராதம் போன்ற ஷரத்துகளை எதிர்த்து மாநில ஆணையத்தை அணுகலாம். அறிவித்த பரிசைத் தரும் எண்ணமின்றி அறிவிப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே. தவறான விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சேவைக் குறைபாடு குறித்து, நுகர்வோர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால், இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். "தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்கே செல்ல வேண்டும்" என்ற ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தில் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டவரை அதன் ஷரத்துகள் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில், வீடு வாங்கியவர் தொடர்ந்த பயனீர் வழக்கில் தீர்ப்பளித்தது. முதல்கட்டப் புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

இவை அனைத்தும் பணம் போன பிறகு கிடைக்கும் நிவாரணங்கள். பணம் போகும் முன் காப்பாற்றும் ஏற்பாடு ஐரோப்பாவில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே டைம்ஷேருக்குத் தனி ஆணை பிறப்பித்தது. 2008-ம் ஆண்டின் புதிய ஆணைப்படி, வாங்கியவர் 14 நாள்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். அந்த நாள்கள் முடியும் வரை விற்பவர் முன்பணமாக எதையும் வாங்கக் கூடாது.

இந்தியாவுக்கும் இந்தக் கருத்து அந்நியமானதல்ல. ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தவர் அதைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் திருப்பித்தர 2024 முதல் 30 நாள் அவகாசம் உள்ளது. அதே அளவு பணத்தை, அதே அளவு காலத்துக்கு விடுமுறைத் திட்டத்தில் கட்டுபவருக்குச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே 10 நாள் போன்ற அவகாசத்தைத் தருகின்றன. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். அதையும் கடிதம் அல்லது மின்னஞ்சல் மூலம், நாள் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

2019-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கும் மின் வணிகத்துக்கும் தனித்தனி விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அதே போல நீண்டகால விடுமுறைத் திட்டங்களுக்கும் விலகும் அவகாசத்தைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுப்பதில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை. அதுவரை அந்த அவகாசத்தை நுகர்வோர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்க அனுமதி கேட்கலாம். கடன் அட்டையையும் காசோலைப் புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு அரங்குக்குப் போகலாம். 25 ஆண்டுகள் கூட வரப்போகும் திட்டம் உண்மையிலேயே நல்லதென்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அது நல்லதாகவே இருக்கும்.