குடல் அனுப்பும் செய்தியும் மூளையின் கவனமும்

வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு என மாதக்கணக்கில் அவதிப்படும் ஒருவருக்கு ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் புண்ணோ கட்டியோ தென்படாதபோது, மருத்துவர்கள் அதைச் செயல்பாட்டுச் செரிமானக் கோளாறு என்பர்; ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய கோளாறுகளை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் 4 வரையறைகள் இவற்றைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பில் நேரும் கோளாறுகளாகக் கண்டன. எனவே பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதற்காக வலியைக் கற்பனை என்று ஒதுக்குவது பிழை மட்டுமல்ல, நோயாளிக்கு இழைக்கும் அநீதியும்கூட.

குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கட்டளைகளைக் கீழே கொண்டுவராமல், உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவ்வாறு உடலின் உள்நிலையை மூளை அறிவதே உள்ளுறுப்பு உணர்வு. அச்செய்திகளில் பெரும்பாலானவை நாம் அறியாமலே கடந்துவிடுகின்றன.

சிலருக்கு அவை கடந்துவிடுவதில்லை. 1973இல் ரிட்சி என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனைச் செலுத்தி 60 மில்லிலிட்டர் அளவுக்கு ஊதியபோது, ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினரே வலியை உணர்ந்தனர். எரிச்சல் குடல் நோயாளிகளிலோ 55 சதவீதத்தினர் உணர்ந்தனர். நரம்புகளின் கூருணர்வோடு, வலியை எதிர்பார்த்து அஞ்சும் மனமும் இவ்வேறுபாட்டில் பங்குகொள்கிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

உடலை ஓயாமல் கவனிப்பது வேறு, உடலைச் சரியாக அறிவது வேறு என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. நாடியைத் தொடாமல் தம் இதயத்துடிப்பை எண்ணச் சொல்லும் சோதனையில், உடலைப் பற்றி எப்போதும் விழிப்பாக இருப்பதாகச் சொல்பவரும் பிழையாக எண்ணக்கூடும். பேருந்தில் ஏறுமுன் கழிப்பறை எங்கே எனத் தேடுபவர், வயிற்றின் சிறு அசைவையும் ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ள, அந்த அச்சம் எழுப்பும் மன அழுத்த ஹார்மோன்கள் குடலின் அசைவையே மாற்றிப் புதிய உணர்வுகளைத் தோற்றுவிக்கின்றன.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவை இருப்பின் முதலில் வேறு நோய்களைத் தேடியாக வேண்டும். அவை இல்லாதபோது, கவனத்தின் போக்கை மாற்றும் சிகிச்சைகளுக்கு இடமுண்டு. மான்செஸ்டரில் வோர்வெல் குழுவினர் குடலை மையமாகக் கொண்ட ஹிப்னாடிச சிகிச்சையை 30 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1984இல் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைப் பதிவு செய்தனர். பின்னர் அக்குழுவினர் நடத்திய ஆய்வில், வயிற்றுப்போக்கு மிகுந்த நோயாளிகளின் மலக்குடல் கூருணர்வும் இச்சிகிச்சையால் தணிந்தது.