கணக்கில் வராத திருவாசகம்

குதிரை வாங்கி வரச் சொல்லி மந்திரியிடம் பணம் கொடுத்தனுப்பினான் பாண்டிய மன்னன். மந்திரி என்ன செய்தார்? அந்தப் பணத்தில் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிவிட்டார்! பி.காம். படித்த என் போன்றவர்கள் கண்ணில் இது சுத்தமான கையாடல். ஆனால் அந்த மந்திரிதான் மாணிக்கவாசகர். அவர் பாடியதுதான் திருவாசகம்.

அதே திருவாசகத்தை வைத்துக் கணக்குக்கு ஒத்துவராத வேலை செய்த இன்னொருவர், இளையராஜா.

1976-ல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்தவர். 80-கள் முழுக்க அவர் ராஜ்ஜியம்தான். 1992-ல் 'ரோஜா' வந்தது. காற்று ரஹ்மான் பக்கம் திரும்பியது. போகப் போக ராஜாவுக்குப் படங்கள் குறைந்தன. வியாபாரம் தெரிந்தவராக இருந்தால் நாலு குத்துப்பாட்டைப் போட்டு மார்க்கெட்டைப் பிடித்திருப்பார். இவரோ 2005-ல், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, திருவாசகத்தைத் தானே பாடி வெளியிட்டார். ஆறே பாட்டு. சிவபுராணம் வருகிற பாட்டு மட்டும் 20 நிமிடம்! நடுவே ஆங்கில வரிகள் வேறு. எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்.

கூட்டணியைப் பாருங்கள். பாடியவர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பண்ணைப்புரத்துக்காரர். நூலோ சைவம். பின்னால் நின்றது, கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பரின் 'தமிழ் மையம்'. இதில் என்ன ஆச்சரியம்? 1900-லேயே திருவாசகத்தை இங்கிலீஷில் கொடுத்த ஜி.யு.போப்பும் பாதிரியார்தானே!

வெளியானபோது பேச்சு பலமாகத்தான் இருந்தது. அப்புறம்?

புதுச்சேரியில் சிதம்பரம் பஸ் ஏறுங்கள். கடலூர் வருவதற்குள் ராஜாவின் 80-கள் பாட்டு பத்தாவது ஓடிவிடும். தில்லைக்குப் போகிற பஸ்ஸில் திருவாசகம் மட்டும் ஓடாது. டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை. 20 நிமிடப் பாட்டுக்குள் நாலு ஸ்டாப்பிங் வந்துடும். கண்டக்டர் விசில் வேற!

2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. ஊரே கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் அதற்கு 20 வருஷம் முன்னால் போட்ட இந்தப் படியை மறந்துவிட்டோமே, அதுதான் வருத்தம். சினிமாவில் ஹீரோவுக்காக உருகிய குரல், இதில் தனக்காக உருகுகிறது. சிச்சுவேஷன் சொல்ல டைரக்டர் இல்லை. ஓகே பண்ண புரொடியூசர் இல்லை.

உங்களுக்கு வரவேண்டிய பிரமோஷன் பக்கத்து சீட்டுக்குப் போகிற நாள் ஒன்று வரும் சார். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அந்த 20 நிமிடத்தைக் கேளுங்கள். லாபமா, நஷ்டமா... காலையில் கணக்குப் பார்த்துக்கலாம்!