பனி அகற்றும் இயந்திரம்

கனடாவில் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி குவிவதுண்டு. அதனை அகற்றப் பலர் பெட்ரோலில் இயங்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றனர். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் சாலைகளுக்காக உருவாக்கிய பெரிய இயந்திரம் இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இயந்திரத்தின் முன்புறத்தில் சுழலும் திருகுத் தகடு பனியை வாரி இழுக்கிறது. அதன் பின்னுள்ள விசிறி, பனியைக் குழாய் வழியாகத் தொலைவில் வீசுகிறது. தகட்டில் கல் சிக்கினால், அதனை இணைக்கும் சிறிய ஆணி முறிந்துவிடும். இது குறையன்று, மலிவான ஆணி முறிவதால், விலையுயர்ந்த பற்சக்கரங்கள் சேதமடையாமல் தப்புகின்றன.

குளிர்காலம் முடிந்ததும் கலனிலுள்ள பெட்ரோலை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிடில், அது நாளடைவில் கெட்டுப் பிசின்போலாகி, எரிபொருள் செல்லும் நுண்துளைகளை அடைத்துவிடும். அடுத்த பனிக்காலத்தில் இயந்திரம் இயங்காது.

ஈரமான பனி சில வேளைகளில் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்போது எஞ்சினை நிறுத்திய பின்னரும் உள்ளே கையை விடக்கூடாது. அடைப்பு நீங்கியதும், தேங்கியிருந்த விசையால் விசிறி திடீரெனச் சுழன்று விரல்களைத் துண்டித்துவிடக்கூடும். எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்ற பிறகு, நீண்ட கட்டையால் மட்டுமே பனியை அகற்ற வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்குவதும் ஆபத்தானது. அதன் நச்சுவாயு உயிரையே பறித்துவிடும்.