துறைமுகமே இல்லாத துறைமுக நகரம்: பழைய மெட்ராஸ் படங்கள் காட்டியது என்ன, மறைத்தது என்ன?

ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் புத்தம்புது கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் வரிசையாக நகரும். சில வெளிவட்டச் சாலை ஏறி மீஞ்சூர் பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போகும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பும் கார்கள் பல ஆண்டுகளாகச் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. அங்கே டிரைவர் காரை ஸ்டார்ட் செய்து, சாய்தளம் வழியாக நேராகக் கப்பலுக்குள்ளேயே ஓட்டிப்போய் நிறுத்திவிடுவார். சக்கரத்தில் தண்ணீர்கூடப் படாது.

200 வருஷம் முன்னாடி இதே கரையில், லண்டனிலிருந்து வந்த கவர்னரேகூட நனையாமல் இறங்க முடியாது. ஏனென்றால் மெட்ராஸில் துறைமுகமே கிடையாது!

ஹோட்டல் லாபிகளிலும், வக்கீல் ஆபீஸ்களிலும், ஆன்லைனில் ஃபிரேம் போட்டு விற்கும் கடைகளிலும் தொங்குகிற 'பழைய மெட்ராஸ்' படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோட்டை, கப்பல், அலை, மேகம். அவற்றில் பெரும்பாலானவை ஓவியங்கள் அல்ல. செம்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த அச்சுப் படங்கள்.

வராமலே வரைந்த மெட்ராஸ்

இந்தப் படங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று 1754ல் லண்டனில் வெளியானது. செய்தவர் யான் வான் ரைன் என்ற டச்சுக்காரர். முன்னால் கப்பல்கள், பின்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. தலைப்பிலேயே 'இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது' என்று போட்டிருக்கும். பட்டா மாதிரி!

இதில் ட்விஸ்ட் என்னவென்றால், வான் ரைன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மெட்ராஸ் மட்டுமல்ல, பம்பாய், கல்கத்தா என்று கம்பெனியின் மற்ற இடங்களையும் அவர் இப்படித்தான் தயாரித்தார். அவருக்கு முன்பே, 1730களின் தொடக்கத்தில், கம்பெனியின் லண்டன் தலைமையகச் சுவருக்காக ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இருவர் ஆறு ஓவியங்கள் வரைந்திருந்தார்கள். அவர்களும் இங்கே கால் வைத்ததில்லை.

அப்படியானால் 1754 படத்தை எப்படி எடுத்துக்கொள்வது? 1746ல் பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. 1749ல் திரும்பக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் கோட்டையை ஒட்டியிருந்த, இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. படம் வெளியானபோது ஊர் அடிபட்டு மீண்டுகொண்டிருந்தது. லண்டனில் அதை வாங்கி மாட்டியவர்களுக்கோ எல்லாம் பத்திரமாக, கம்பீரமாக இருப்பதாகத் தெரிந்தது. பங்கு வைத்திருப்பவர்களுக்கு அது போதுமே.

இது மெட்ராஸுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 1762ல் கரீபியன் கடலின் பெரிய துறைமுகமான ஹவானாவை பிரிட்டன் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில், அங்கே இருந்த ராணுவப் பொறியாளர் எலியாஸ் டர்ன்ஃபோர்ட் வரைந்த ஹவானா காட்சிகள் லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. அவராவது ஊரை நேரில் பார்த்தவர்.

கேமராவுக்கு முன்பே ஒரு 'கேமரா'

மெட்ராஸை நேரில் பார்த்து வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம். 1786ல் கல்கத்தா வந்து இறங்கிய இந்தச் சித்தப்பா–மகன் ஜோடி, 1792ல் மெட்ராஸ் வந்து, தெற்கே கன்னியாகுமரி வரை போய்த் திரும்பியது. கையோடு 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. லென்ஸ் வழியாக உள்ளே விழும் காட்சியை அப்படியே கோடு போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பி 1795லிருந்து 1808 வரை அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். மெட்ராஸ் காட்சிகள் இரண்டாம் தொகுதியில், 1797, 98ல் வந்தன.

அவர்கள் பயன்படுத்திய முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செம்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் அது சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் வைத்தால், பிசின் இல்லாத இடத்தை மட்டும் அமிலம் தின்னும். நன்றாக அரித்த இடம் அதிக மை பிடிக்கும். அச்சில் கறுப்பாக விழும். லேசாக அரித்தது சாம்பல் நிறம். வானமும் தண்ணீரும் அப்படித்தான் வந்தன. கலர் எல்லாம் பிறகு கையால் பூசியது. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் கடலின் நிறம் வேறுவேறாக இருக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கிற சர்க்யூட் போர்டு தயாராவதன் அடிப்படையும் இதேதான்: வேண்டிய இடத்தை மூடு, மற்ற செம்பை ரசாயனத்தால் அரி.

டேனியல்களின் படங்களில் ஒன்று, தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிற பலருக்கும் தெரிந்த இடம். 'ஆர்மீனியன் பாலம்' என்று தலைப்பு. 1726ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் அடையாற்றின் மேல் கட்டிய பாலம் அது. பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் நிற்பதுதான் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். காலை ட்ராஃபிக்கில் அங்கே மாட்டிக்கொண்டால் அந்தப் படத்தைப் போனில் தேடிப் பார்க்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

அலையில் இருப்பவர்கள் யார்?

தென்கிழக்கிலிருந்து கோட்டையைக் காட்டும் டேனியல் படத்தில் முதலில் கண்ணை இழுப்பது கோட்டை அல்ல, அலை. உடைந்து சுருளும் அலைகளுக்கு நடுவே படகுகள், மனிதர்கள்.

அந்தப் படகுதான் மசூலா. ஒரு ஆணிகூட அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் மோதினால் உடையும். இது வளைந்து கொடுக்கும். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டை, ஒயின் பீப்பாய், சிப்பாய், கவர்னர் எல்லாமே மசூலாவில்தான் கரைக்கும் கப்பலுக்கும் போய் வந்தாக வேண்டும். கவிழ்ந்தால் காப்பாற்ற, பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியன் பக்கம், கயானாவுக்கும் டிரினிடாடுக்கும், மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறிய தமிழர்களும் தாண்டியது இதே அலையைத்தான். கயானாவில் அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் 'மதராசி' என்றே சொல்கிறார்கள். மாரியம்மன் வழிபாடும் அங்கே தொடர்கிறது.

படத்துக்குத் தலைப்பு இருக்கிறது. வரைந்தவர் பெயரும், தேதியும் இருக்கிறது. துடுப்புப் போடுபவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1640லிருந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு நகரத்தின் மொத்த ஏற்றுமதி, இறக்குமதியையும் தோளில் தாங்கியவர்கள் அவர்கள்தான்.

கடல் எங்கே போச்சு?

அந்தப் படங்களில் கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே கொஞ்சம் மணல்தான். இன்றைக்குக் கோட்டை வாசலில் நின்றால் தெரிவது ரோடும், ரயில் பாதையும், துறைமுக நிலமும். வரைந்தவர் தப்பாக வரையவில்லை. கடல்தான் நகர்ந்திருக்கிறது.

1861ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று வந்தது. 1875ல் துறைமுகச் சுவர்கள் எழ ஆரம்பித்தன. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் ஓராண்டில் அலை அள்ளிப்போகும் மணலின் நிகரக் கணக்கு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான்.

தெற்கே சேர்ந்தது வடக்கே குறைந்தது. மணல் வரத்து நின்ற ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகள் போயின, கட்டுமரம் ஏற்றிவைத்த மணல்திட்டு போனது. இப்போது பல இடங்களில் கரை என்பதே கொட்டிவைத்த பாறைகள்தான்.

ராயபுரம் யாருடைய ஊர்? கோட்டைக்கு அருகே இருந்த படகோட்டிகள் பிற்பாடு போய்க் குடியேறிய இடம் அது. அங்கிருக்கும் புனித பேதுரு ஆலயம் அவர்கள் எழுப்பியது. பேதுருவின் தமிழ்ப் பெயரான ராயப்பரிலிருந்துதான் ராயபுரம் வந்தது என்பது பரவலான விளக்கம். படத்தில் பெயரில்லாமல் துடுப்புப் போடுகிறவர்களின் வேலையைப் புதிய துறைமுகம் எடுத்துக்கொண்டது. அதன் சுவர் அவர்கள் கரையையும் அரித்தது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

டேனியல் அச்சுப் படங்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். டேனியல்களின் பெரிய சேகரிப்பு கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், வாரத்துக்கு ஒரே நாள் லீவு கிடைக்கிறவங்களுக்குப் பிரச்சினை இல்லை.