காலைப் பசிக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ்!

சீனாவில், மஞ்சள் ஆற்றின் கரையில், லான்சோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கு பொழுது விடிந்ததும் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். எல்லோரும் கேட்பது மாட்டிறைச்சி நூடுல்ஸ்!

எந்திரம் இல்லை

கோதுமை மாவைப் பிசைந்து, இரு கைகளாலும் இழுப்பார்கள். மடித்து, மீண்டும் இழுப்பார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எட்டாவது தடவையில் 256 இழைகள்!

முடி போல மெல்லியதா, நாடா போலப் பட்டையா? சாப்பிட வருகிறவர் சொன்னால் போதும். அப்படியே இழுத்து, கொதிநீரில் வேகவைத்துக் கொடுப்பார்கள்.

ஐந்து அழகு

சூப் தெளிவாக இருக்க வேண்டும். முள்ளங்கி வெள்ளை. மிளகாய் எண்ணெய் சிவப்பு. கொத்தமல்லித் தழை பச்சை. நூடுல்ஸ் இளமஞ்சள். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் லான்சோ நூடுல்ஸ்!

1915-ம் ஆண்டில் மா பாவோஜி என்ற முஸ்லிம் சமையல்காரர் இதைத் தொடங்கினார் என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். 1954-ல் தொடங்கிய "மா சிலூ" கடை மிகவும் பெயர் பெற்றது. காலையிலேயே போவது நல்லது.

விலைக்குக் கட்டுப்பாடு

2007-ம் ஆண்டில் சாமான்களின் விலை ஏறியது. கடைக்காரர்கள் நூடுல்ஸ் விலையையும் உயர்த்தினார்கள். ஊரே முணுமுணுத்தது.

அதிகாரிகள் தலையிட்டார்கள். சாதாரணக் கடைகளில் பெரிய கிண்ணத்துக்கு இரண்டரை யுவானுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

ஒரு கிண்ணம் நூடுல்சுக்கு அரசாங்க உத்தரவா? ஆமாம். உழைப்பவர்களின் காலைச் சாப்பாடு அல்லவா அது!