அடிமரத்தில் தோன்றும் தட்டுக் காளான்

பால் வெட்டச் செல்லும் நம் தொழிலாளர்கள், மழை நாட்களில் சில மரங்களின் அடியில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் காளான்கள் முளைத்திருப்பதைக் கண்டிருப்பர். பட்டுப்போன கட்டைகளில் வளர்வன பல தீங்கற்றவை. உயிருள்ள ரப்பர் மரத்தின் அடியில், நிலத்தையொட்டி வளரும் காளானையோ நாம் கண்டும் காணாததுபோல் கடந்து செல்லலாகாது.

வெள்ளை வேர் நோயின் காளானை நிறத்தாலேயே அறியலாம். மேற்புறம் செம்மஞ்சளாக, வளையம் வளையமாகக் கோடிட்டிருக்கும். விளிம்பு பளிச்சென்ற மஞ்சள். செம்பழுப்பான கீழ்ப்புறத்தை உற்று நோக்கினால் நுண்ணிய துளைகள் தெரியும். காய்ந்தபின் இந்நிறமெல்லாம் வெளுத்துவிடும். ஆதலால் மழைக்கு மறுநாள் பார்ப்பதே நன்று. ரிட்லி அவர்கள் 1904ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ரப்பர் மரத்தில் கண்டறிந்த நோய் இது.

சிவப்பு வேர் நோயின் காளான் கட்டைபோல் கடினமானது. மேற்புறம் கரும்பழுப்பாய்ச் சுருங்கியும், கீழ்ப்புறம் சாம்பல் கலந்த வெண்மையாயும் இருக்கும்.

ஐயம் இருப்பின் வேரைப் பார்த்தல் வேண்டும். அடிமண்ணைச் சற்று விலக்கினால், வெள்ளை வேர் நோயில் வெண்ணிற இழைகள் வேரோடு இறுக ஒட்டிக் கிளைத்துப் படர்ந்திருக்கும். முதிர்ந்தவை மஞ்சளாக மாறும். சிவப்பு வேர் நோயில், வேரைக் கழுவியதும் செந்நிறத் தோல் பளபளக்கும். பழுப்பு வேர் நோயிலோ மண்ணும் மணலும் எவ்வளவு கழுவினும் போகாது ஓடுபோல் ஒட்டியிருக்கும்.

காளான் வெளியே தோன்றும் வேளையில் வேர் பெரும்பாலும் உளுத்திருக்கும். தலையில் இலை பசுமையாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. பலத்த காற்றில் அம்மரம் வேரோடு சாயலாம். அடியில் பால் வெட்டுபவரின் உயிருக்கே அது ஆபத்து. நோயுற்ற வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொட்டால் நோய் அதற்கும் பரவும். மறுநடவு செய்த நிலத்தில் இளமரங்கள் திட்டுத் திட்டாக மடிவதற்கும், மண்ணுக்குள் விடப்பட்ட பழைய கட்டைகளே பெரும்பாலும் காரணம்.

இளமரங்களில் காளானுக்கு முன்னரே குறிகள் தென்படும். இலை பளபளப்பிழந்து மஞ்சள் பாய்ந்து, ஓரங்கள் கீழ்நோக்கி வளையும். பருவமன்றிப் பூப்பதும் உண்டு.

காளானைத் தட்டி எறிந்துவிட்டால் நோய் போய்விட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். நோய் மண்ணுக்குள் இருக்கிறது. எறிந்தால் அடையாளம்தான் மறைகிறது. அதை அப்படியே விட்டு, மரத்தில் குறியிட்டு, அன்றே கங்காணியிடம் தெரிவித்தல் வேண்டும். பக்கத்து மரங்களின் வேர் இன்னும் நன்றாக இருந்தால், அடியில் மருந்து ஊற்றி அவற்றைக் காப்பாற்ற இயலும்.