பாக்சைட் வெட்டிய இடத்தில் பசும்புல்

ஏற்காட்டுக்குச் செல்பவர்கள் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் செந்நிறமாக வெட்டுண்ட நிலங்களை நின்று பார்ப்பவர் சிலரே. மேட்டூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் சென்றது. 2008-ஆம் ஆண்டளவில் வெட்டுவது நின்றது. அப்படி வெட்டி முடித்த நிலத்தை ஆடுமாடுகள் மேயும் புல்நிலமாக மாற்ற முடியுமா?

முதலில், பாக்சைட் ஏன் மலையுச்சியில் கிடைக்கிறது என்று பார்ப்போம். இம்மலையின் பாறை சார்னோக்கைட் ஆகும். பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் அதனூடே இறங்கி, சிலிக்கா போன்றவற்றைக் கரைத்துச் சென்றுவிட்டது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. ஆகவே இங்கே ஆழச் சுரங்கம் தேவையில்லை. மேல்மண்ணை அகற்றிச் சில மீட்டர் கனத்துக்கு வெட்டினால் போதும்.

தொல்லை அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மட்கும் தழைச்சத்தும் அதில்தான் உள்ளன. அதைக் குப்பைபோல் சரிவில் தள்ளிவிட்டால், எஞ்சுவது வண்டிகள் ஓடி இறுகிய தரையே.

அத்தரையில் மழை என்ன செய்கிறது? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 100 டன் நீர். ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 150 செ.மீ. மழை, அதாவது 15,000 டன்! 3 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு துளி, விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. புல் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். வெறுந்தரையோ பெயர்ந்து நீரோடு ஓடைக்குப் போய்விடும்.

இன்னொரு தடையும் உண்டு. மண்ணில் அமிலத்தன்மை மிகுந்தால், அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்கிவிடும். எந்த உலோகத்துக்காக மலையை வெட்டினோமோ, அதுவே பயிருக்குப் பகையாகிறது. மண்ணைச் சோதித்து அளவாகச் சுண்ணாம்பு இடுவதே இதற்கு மாற்று.

எனவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். இறுகிய தரையைச் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுது, வரப்புக் கட்ட வேண்டும். தனியே சேர்த்து வைத்த மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். பிறகு முயல் மசாலும் கினியாப் புல்லும் கலந்து விதைக்கலாம். முயல் மசாலின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். முதலாண்டில் மாடுகளை விடலாகாது. குளம்பு பட்டால் இளம்புல் வேரோடு பெயரும். புல்லை அறுத்துப் போடலாம். பின்னர் நிலத்தை நான்கு பகுதிகளாக்கி, மாற்றி மாற்றி மேயவிடலாம். பழைய கொட்டகை தொழுவமாகும். நீர் தேங்கும் பள்ளம், நீரைச் சோதித்த பின், குட்டையாகும்.

இது வெறுங்கனவன்று. ஜமேக்கா தீவில் வெட்டிய நிலத்தைச் சீர்செய்து தருவது சுரங்கக் கம்பெனியின் சட்டக் கடமை. பாக்சைட் கம்பெனிகளே அங்கே மாட்டுப் பண்ணைகள் நடத்தின. நம் நாட்டிலும், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் கால்நடைத் தீவனம் விளையுமாறு மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி, உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மலையில் மாடு வளர்த்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இது வயிற்றுப்பாட்டுச் செய்தி.

மேல்மண்ணின் அருமையை நீங்களே சோதித்தறியலாம். ஒரு தகர டப்பாவில் தோட்டத்து மேல்மண்ணும், மற்றொன்றில் கிணறு தோண்டிய இடத்து அடிமண்ணும் நிரப்புங்கள். இரண்டிலும் தட்டைப்பயறு விதைத்து, ஒரே அளவு நீர் விடுங்கள். நாற்பது நாள் கழித்துச் செடிகளைப் பிடுங்கி வேர்முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள். சுரங்கம் தொடங்கும் முதல் நாளிலேயே மேல்மண்ணை ஏன் ஒதுக்கிக் காக்க வேண்டும் என்பது அப்போது விளங்கும்.